பல்லாங்குழில குழிக்கு 5 காயா 6 காயா? எதிர்க்குழி சேருமா சேராதா? ஒரு பஞ்சாயத்து

மாடிப்படி எழுதியது:

வணக்கம் மக்களே, ஒரு தீர்ப்பு சொல்லுங்க. வீட்ல பழைய மரப்பலகை பல்லாங்குழி ஒன்னு கிடக்கு, பக்கத்துக்கு 7ன்னு 14 குழி. லீவுக்கு எல்லாரும் கூடினப்ப எடுத்து வச்சோம், முதல் காய் போடறதுக்குள்ளயே சண்டை ஆரம்பிச்சிருச்சு. அம்மா குழிக்கு 5ங்கறாங்க, அத்தை 6ங்கறாங்க, ரெண்டு பேரும் "சின்ன வயசுல இருந்து இப்படித்தான்"ங்கறாங்க.

அது போகட்டும்னா அடுத்தது பசு. ஒரு குழில 4 சேர்ந்தா பசு, அதுல தகராறு இல்ல. ஆனா அந்த பசு யாருக்கு? அம்மா கணக்குல குழி யார் பக்கமோ அவங்களுக்கு, அத்தை கணக்குல யார் கைல காய் ஓடிட்டு இருக்கோ அவங்களுக்கு. இன்னும் இருக்கு. காலிக்குழி வந்து துடைச்சுட்டு அடுத்த குழிய அள்ளும்போது அதுக்கு நேர் எதிர்ல இருக்கறதையும் சேர்த்து அள்ளலாமா கூடாதா? அள்ளினதும் கை மாறணுமா இல்ல அங்கிருந்தே தொடரலாமா?

சரின்னு போன்ல "மங்கலா"ன்னு ஒரு கேம் இறக்கி பார்த்தேன், அதுல பக்கத்துக்கு 6 குழிதான், ரெண்டு ஓரத்துலயும் பெருசா ஒரு குழி வேற, பசுவே கிடையாது. அது என்ன இனம்னே புரியல. எதுதான் ஒரிஜினல் ரூல்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சோழிப்பை எழுதியது:

ஒரிஜினல்னு ஒன்னு தேடினீங்கன்னா கடைசி வரைக்கும் கிடைக்காது தம்பி. இது எழுதி வச்சு விளையாடின ஆட்டம் இல்ல, பாட்டி பேத்திக்கு சொல்லிக்கொடுத்து வந்தது, கல்யாணமாகி போற பொண்ணு கூடவே ரூலும் போகும், போன இடத்துல இருக்கற ரூலோட மோதும். உங்க வீட்ல நடந்ததும் அதுதான், அம்மா ஒரு வழி அத்தை ஒரு வழி. ரெண்டு பேர் சொல்றதும் இருக்கு, ரெண்டையும் நான் விளையாடியிருக்கேன்.

பசு விஷயத்துல மட்டும் என் ஓட்டு உங்க அம்மாவுக்கு. குழிக்கு சொந்தக்காரங்களுக்கு பசுன்னு வச்சாதான் எதிராளி போட்டுட்டு வரும்போது நீங்க சும்மா உக்காந்திருக்க முடியாது, உங்க பக்கம் 3 இருக்கற குழில ஒரு காய் விழுந்த நொடியே "பசு"ன்னு சொல்லி எடுக்கணும். விட்டீங்கன்னா அடுத்த சுத்துல அது 5 ஆயிடும், பசு போச்சு. போடறவருக்கே பசுன்னா மத்தவங்க கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், அது எனக்கு பிடிக்கல.

ஒரு சுத்து முடிஞ்ச பிறகு என்ன பண்றதுன்னு யாரும் கேக்கல, ஆனா ஆட்டத்தோட சுவையே அதுலதான் இருக்கு. 5 காய் ஆட்டம்னா மொத்தம் 70, ஆளுக்கு 35. நீங்க 43 ஜெயிச்சீங்கன்னு வைங்க, அவங்ககிட்ட 27. அவங்க 5 குழிய நிரப்பிட்டு 2 காய கைல வச்சுக்கணும், மீதி ரெண்டு குழிய குச்சி வச்சு மூடிரலாம், அதுல யாரும் காய் போடக்கூடாது. நீங்க 7ம் நிரப்பி 8 மிச்சம் வச்சிருப்பீங்க. இப்படியே தோத்து தோத்து ஒரு குழிக்கு கூட காய் பத்தாத நிலைமைக்கு வந்தா, இருக்கறத குழிக்கு ஒன்னா போட்டு ஆடணும், அதுக்கு பேர் கஞ்சி காய்ச்சுறது. கஞ்சி காய்ச்சின ஆளு அங்கிருந்து எழுந்து வந்து முழுசா ஜெயிக்கறதும் நடக்கும், அப்ப பாக்கணும் எதிராளி முகத்தை.

---

கணக்குப்புள்ள எழுதியது:

5ஆ 6ஆங்கற சண்டைய பலகைல வச்சே பாத்துரலாம், கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்க பக்கம் இடமிருந்து வலமா 1ல இருந்து 7, எதிராளி பக்கம் அங்கிருந்து திரும்பி 8ல இருந்து 14. அதாவது 7க்கு எதிர்ல 8, 1க்கு எதிர்ல 14. நம்ம ஊர் முறைப்படி கைல இருக்கறது தீர்ந்ததும் அடுத்த குழிய அள்ளி தொடரணும், அடுத்தது காலின்னா அதை துடைச்சுட்டு அதுக்கும் அடுத்தத எடுத்துக்கணும்.

முதல்ல 6. 1ம் குழிய அள்ளினா 2ல இருந்து 7 வரைக்கும் குழிக்கு ஒன்னா விழும். அடுத்து 8, அதை அள்ளினா 9ல இருந்து 14 வரைக்கும். அடுத்தது 1, அது நீங்களே காலி பண்ணின குழி. துடைச்சுட்டு 2ல இருக்கற 7 காய் உங்களுக்கு. ரெண்டே அள்ளு, முடிஞ்சது. எந்த குழில ஆரம்பிச்சாலும் இதே கதைதான், ஏன்னா 6 போட்டு 1 அள்ளி, திரும்ப 6 போட்டு 1ன்னா சரியா 14.

இப்ப 5. 1ம் குழிய அள்ளினா 2ல இருந்து 6. அடுத்து 7, அது 8ல இருந்து 12 வரை. அடுத்து 13, அது 14, 1, 2, 3, 4. அடுத்து 5, அதுல இப்ப 6 காய் இருக்கும், 6ல இருந்து 11 வரை போகும். அடுத்து 12, அதுலயும் 6, அது 13, 14, 1, 2, 3, 4ல விழும். அடுத்தது 5, காலி. துடைச்சா 6ம் குழில 7 காய். கிடைக்கறது அதே 7தான், ஆனா அஞ்சு தடவை அள்ளி பலகைய ரெண்டு சுத்துக்கு மேல சுத்தி கலைச்சுட்டு வந்திருக்கீங்க. அடுத்து ஆடறவருக்கு மேடும் பள்ளமுமா ஒரு பலகை கிடைக்கும். 6ல அந்த ரெண்டு காலிக்குழியையும் நீங்க ஜெயிச்ச குழியையும் தவிர எல்லாத்துலயும் 7 7ன்னு சமமா நிக்கும்.

விஷயம் இனிமேதான். எதிர்க்குழி சேரும்னு ரூல் வச்சா 5 ஆட்டம் வேற ஆட்டமா மாறிடும். எதிர் இல்லைன்னா எங்க ஆரம்பிச்சாலும் 7. எதிர் சேரும்னா 1ல ஆரம்பிச்சா 14, 2ல 8, 3ல வெறும் 7 (ஏன்னா எதிர்க்குழி அப்பதான் காலியாகியிருக்கும்), நடுக்குழி 4ல ஆரம்பிச்சா 15, 5ல 9, 6ல 8, 7ல 14. காய் வச்சு போட்டு பாருங்க, வரும். அதே ரூல 6 ஆட்டத்துக்கு வச்சா 7ம் குழிய தவிர எங்க ஆரம்பிச்சாலும் 14தான், யோசிக்கறதுக்கு ஒன்னுமில்ல. அதனால நீங்க 5க்கும் 6க்கும் அடிச்சுக்கறத விட்டுட்டு எதிர்க்குழி ரூல முதல்ல முடிவு பண்ணுங்க, அதுதான் ஆட்டத்தையே புரட்டிப் போடுது.

4 வச்சு ஆடறவங்களும் நிறைய, துளு பேசறவங்களோட சென்னெமணெல குழிக்கு 4 வச்சு 56 காய்தான். அதையும் நம்ம முறைல 1ல இருந்து ஓட்டி பாத்தேன், ஏழு தடவை அள்ளி கடைசில 8 காலி, 9ல 6 காய். எதிர்ல 6ம் குழி, அதுவும் காலி.

---

வெட்டிப்பேச்சு எழுதியது:

ஐயா புள்ள, ஜாலியா விளையாடற ஆட்டத்தை பரிட்சை பேப்பர் ஆக்கிட்டீங்களே. எங்க வீட்ல குழிய தொட்டு எண்ணினாலே ஆட்டம் அவுட்டு, கண்ணால பாத்துதான் எடுக்கணும். அதுவும் இல்லாம இதெல்லாம் பாதி அதிர்ஷ்டம்தானே, மத்தியானம் பொழுது போகறதுக்கு ஆடறது, இதுல என்ன பெரிய மூளை?

---

கணக்குப்புள்ள எழுதியது:

தாயக்கட்டைன்னா அதிர்ஷ்டம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இங்க கட்டை எங்க இருக்கு, சீட்டு எங்க இருக்கு? எல்லா காயும் கண்ணு முன்னாடி கிடக்கு, ஒளிச்சு வைக்க ஒன்னுமில்ல. ஓட்டம் நீளமா போறதால முடிவு கண்ணுக்கு தெரியாம நமக்கு அதிர்ஷ்டம் மாதிரி தோணுது, அவ்ளோதான். நல்லா ஆடற பாட்டிமார் குழிய ஒரு பார்வை பாத்துட்டு நேரா ஒரு குழிய அள்ளுவாங்க பாருங்க, அவங்க எண்ணாமலா அள்ளறாங்க? தொடாம எண்ணணும்ங்கற உங்க வீட்டு ரூல் நல்ல ரூல், அது எண்ணவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல.

---

கரைதாண்டி எழுதியது:

@மாடிப்படி, போன்ல நீங்க பாத்தது கலாங்கற ஆட்டம். 1940ல வில்லியம் ஜூலியஸ் சாம்பியன்னு ஒரு அமெரிக்கர் உருவாக்கினது, பழைய ஆட்டங்கள பாத்து புதுசா பண்ணினது. கடைல "மங்கலா"ன்னு விக்கறது, போன்ல வர்றது பாதிக்கு மேல இதுதான். மங்கலாங்கறது ஒரு ஆட்டத்தோட பேரே இல்ல, குழில காய் போட்டு சுத்தற மொத்த குடும்பத்துக்கும் பொதுவா வச்ச பேர். நம்ம பல்லாங்குழி, தெலுங்குல வாமனகுண்டலு, கன்னடத்துல அளகுளிமணே, சிங்களத்துல ஒலிந்த கெலிய எல்லாம் அதே குடும்பம்தான். ஒலிந்தங்கறது நம்ம குன்றிமணி, அதையே காயா வச்சு சித்திரை புத்தாண்டு சமயத்துல ஆடுவாங்க.

ஆப்பிரிக்கா போனா குடும்பம் ரொம்ப பெருசு. கானால ஒவாரேன்னு ஒன்னு, பக்கத்துக்கு 6 குழி, குழிக்கு 4, மொத்தம் 48. அதுல நம்ம மாதிரி அள்ளி அள்ளி ஓடறது கிடையாது, ஒரு குழிய எடுத்து போட்டா அதோட சரி. கடைசி காய் எதிராளி குழில விழுந்து அங்க 2 இல்லன்னா 3 ஆச்சுன்னா அதை எடுத்துக்கலாம், அதுக்கு முந்தின குழியும் அவங்க பக்கமா இருந்து, அதுலயும் 2 இல்ல 3 இருந்தா அதையும், அப்படியே பின்னாடி போய்க்கிட்டே அள்ளலாம். 25 சேத்தா ஜெயிச்சாச்சு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, எதிராளிகிட்ட ஒரு காய் கூட இல்லன்னா அவங்க பக்கம் காய் போய் சேர்ற மாதிரிதான் நீங்க ஆடணும், பட்டினி போட்டு ஜெயிக்கக்கூடாது. நம்ம ஆட்டத்துல கஞ்சி காய்ச்ச விடறோம், அவங்க கஞ்சிக்கே விடறதில்ல.

வெட்டிப்பேச்சு அண்ணே, மூளை இல்லன்னீங்களே, ஆம்ஸ்டர்டாம்ல இருக்கற வ்ரையே யுனிவர்சிட்டி ஆளுங்க ரெண்டு பேரு, ரோமைன், பால், 2002ல இந்த ஒவாரேய கம்ப்யூட்டர்ல முழுசா தீர்த்தாங்க. 144 ப்ராசஸர் சேர்த்து ஓட்டி, வரக்கூடிய 88 ஆயிரத்து 900 கோடிக்கு மேல நிலைகளையும் அலசினாங்க. ரெண்டு பக்கமும் தப்பு பண்ணாம ஆடினா டிரா. கலாவையும் அதுக்கு முன்னாடியே 2000ல தீர்த்திருக்காங்க, அதுல குழிக்கு 4 வச்சு ஆடற வகைல முதல்ல ஆடறவருக்குத்தான் ஜெயம். நம்ம பல்லாங்குழிக்கும் யாராவது உக்காந்து பண்ணலாம், ஆனா எந்த வீட்டு ரூலுக்குன்னு முதல்ல சண்டை போட்டு முடிக்கணும் 😀

சான்சிபார், டான்சானியா பக்கம் பாவோன்னு ஒன்னு இருக்கு, அது வேற லெவல். 4 வரிசை, வரிசைக்கு 8 குழி, 64 காய். எல்லா காயையும் முதல்லயே பலகைல வைக்க மாட்டாங்க, ஆளுக்கு 10 மட்டும் பலகைல, 22 கைல. கைல இருக்கறத ஒவ்வொன்னா உள்ள இறக்கறது முதல் பாதி, அது தீர்ந்ததும் நிஜ ஓட்டம். நியும்பான்னு ஒரு குழி சதுரமா இருக்கும், வீடுன்னு அர்த்தம், அதுக்கு மட்டும் தனி சட்டம். ஒரே நாள்ல ரூல் மண்டைல ஏறாது.

---

அலையோசை எழுதியது:

மலேசியா, இந்தோனேசியா சொங்காக் பத்தி யாரும் சொல்லலியே. பலகை படகு மாதிரி இருக்கும், நிறைய இடத்துல பக்கத்துக்கு 7 குழி குழிக்கு 7 காய், ஓரத்துல ஆளுக்கு ஒரு பெரிய குழி, அது உங்க வீடு. சுத்தி வரும்போது உங்க வீட்டுல ஒரு காய் போட்டுட்டு போகணும், எதிராளி வீட்ட தாண்டிரணும். கடைசி காய் உங்க வீட்டுல விழுந்தா இன்னொரு தடவை ஆடலாம். பிலிப்பைன்ஸ்ல இதுவே சுங்கா, அங்க முதல் ஆட்டத்தை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, ரெண்டு கையும் பலகைல ஓடும், பாக்கவே படபடன்னு இருக்கும்.

ஒரு முக்கியமான வித்தியாசம், இத கவனிக்காம நம்ம ஆளுங்க சொங்காக் ஆடும்போது மாட்டுவாங்க. நம்ம முறைல கைக்காய் தீர்ந்தா அடுத்த குழிய அள்ளணும். சொங்காக்லயும் சுங்காலயும் கடைசி காய் எந்த குழில விழுந்துச்சோ அதே குழிய, இப்ப போட்ட காயோட சேர்த்து அள்ளி ஓடணும், காலிக்குழில விழுந்தாத்தான் நிக்கும். பாவோலயும் விழுந்த குழியதான் அள்ளுவாங்க. கேக்க சின்ன விஷயம், ஆனா கணக்கு மொத்தமும் மாறிடும், கணக்குப்புள்ள மேல போட்டதெல்லாம் அங்க செல்லாது.

அப்புறம் வெட்டிப்பேச்சு சார், கசாக்ஸ்தான்ல தொகுஸ்குமலாக், கிர்கிஸ்தான்ல தொகுஸ் கொர்கூல்னு ஒன்னு, பக்கத்துக்கு 9 குழி குழிக்கு 9, மொத்தம் 162, அதுல 82 எடுத்தா வெற்றி. போட்டி வச்சு சீரியஸா ஆடறாங்க. அதையும் துருக்கியோட மங்கலா ஆட்டத்தையும் சேர்த்து 2020ல யுனெஸ்கோ பாரம்பரிய பட்டியல்ல ஏத்திட்டாங்க. நம்மாளு மத்தியான தூக்கத்துக்கு முன்னாடி ஆடறதுன்னு சொல்லிட்டு இருக்கோம்.

---

சோழிப்பை எழுதியது:

நல்லா சொன்னீங்க அலையோசை. ஆள் இல்லாதப்ப ஒத்தையா ஆடறதுக்கும் நம்மகிட்ட வகை இருக்கு, சீதைப் பாண்டின்னு, அசோகவனத்துல சீதை தனியா உக்காந்து ஆடினதா சொல்வாங்க. தனியா இருக்கும்போது இத வச்சு பாருங்க, உங்க பக்கம் 7 குழிலயும் 7, 6, 5, 4, 3, 2, 1ன்னு காய் வைங்க, எதிர்ப்பக்கம் மொத்தமும் காலி. 7 இருக்கற குழிய அள்ளி அடுத்தடுத்து போடுங்க. திரும்ப 7, 6, 5, 4, 3, 2, 1தான் நிக்கும், ஆனா ஒரு குழி தள்ளி. திரும்ப 7 இருக்கறத அள்ளுங்க, இன்னும் ஒரு குழி தள்ளும். இப்படியே 14 தடவை அள்ளினா ஊர்வலம் பலகைய சுத்திட்டு கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கும். சின்ன பசங்களுக்கு காட்டுங்க, ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டு உயிரை வாங்குவாங்க.

---

மாடிப்படி எழுதியது:

அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கணக்குப்புள்ள சொன்னத அம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் பலகைல போட்டு காட்டினேன். அத்தை 6ஐ விட்டுட்டாங்க, ஆனா பசு போடறவருக்குத்தான்னு இன்னும் விடாப்பிடியா நிக்கறாங்க, அதனால 5 காய், எதிர்க்குழி சேரும், அள்ளினதும் கை மாறும், பசு மட்டும் ஒரு ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம் இப்படின்னு சமாதானம் ஆச்சு. 4ம் குழில ஆரம்பிச்சா 15ங்கறது இப்ப வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, யார் முதல்ல ஆடறதுன்னு அடுத்த சண்டை.

ஒரு டவுட்டு, சோழிப்பை அக்கா சொன்ன மாதிரி ரெண்டாவது சுத்துல ரெண்டு குழி மூடிட்டா இந்த கணக்கு என்னாகும்?

---

கணக்குப்புள்ள எழுதியது:

மாறிடும். 12 குழிதான் ஓட்டத்துல இருக்கு, எல்லாத்துலயும் 5. 5 போட்டு 1 அள்ளி, திரும்ப 5 போட்டு 1ன்னா சரியா 12, அதாவது உங்க அத்தையோட 6 காய் ஆட்டம் மாதிரியே ரெண்டு அள்ளுல கிளம்பின குழிக்கே வந்து நிக்கும். துடைச்சா 6 காய். எதிர்க்குழி சேருமாங்கறது எந்த குழிய மூடினாங்கங்கறத பொறுத்தது. அவங்க 13, 14ஐ மூடியிருந்தா, நீங்க 1ல ஆரம்பிச்சு 2ஐ எடுக்கும்போது எதிர்ல 13, மூடின குழி, ஒன்னும் கிடைக்காது. 3ல ஆரம்பிச்சா 4ல 6, எதிர்ல 11ல 6, மொத்தம் 12.

தோத்தவங்க எந்த குழிய வேணும்னாலும் மூடலாமா, இல்ல ஓரத்துல இருந்துதான் மூடணுமான்னு வீட்டுக்கு வீடு மாறும், என்னைக் கேட்டா தோத்தவங்க இஷ்டத்துக்கு விடணும். உங்க அத்தை வழில எப்படின்னு கேட்டு இங்க போடுங்க.